பெரட்டில் மகள் வாசித்த அறிவிப்பு

1957 ஜூன், செவ்வாய்.

மகள் பவளத்தை இன்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அவளுக்குத் தோட்டம் கொடுத்த ஒற்றையறை லயத்துக் காம்பராவில் நான்தான் பாடம் சொல்லித்தருகிறேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எங்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தேயிலைச் செடி வெட்ட நான் மறந்துவிட்டுப் போன கவ்வாத்துக் கத்தியை அவள் கொண்டுவந்தாள். கணக்கப்பிள்ளை கண்ணாடி இல்லாமல் ஆபீஸ் அறிவிப்பு ஒன்றோடு திணறிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எம் மக வாசிப்பாங்கய்யா.”

ஓரிடத்திலும் தடுக்காமல் வாசித்தாள். பின்னால் ஒருத்தி, “அடியேய், தொரைசாணியே தோத்தா போ!” என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணக்கப்பிள்ளை தலையாட்டினார்.

“நல்லாத்தான் படிச்சிருக்கா. இதுக்கு மேல என்னத்துக்குப் படிப்பு? நாளைக்குப் பெரட்டுக்கு அனுப்பு, அரைப்பேரு போடுறேன்.”

இப்போது பாதிச் சம்பளம், பிறகு ஆயுள் முழுக்கக் கொழுந்து பறிப்பு.

“பன்னெண்டு வயசுதாங்க ஆகுது.”

“நீ காம்பராவுல இருக்கணுமா, வேணாமா?”

“சரிங்கய்யா” என்றேன். அத்தனை பேர் முன்னால்.

ஹட்டனில் வாங்கிய கல்விப் புத்தகத்தைச் சாயங்காலம் திறந்தேன். பிள்ளையின் ஆசை போகும் வழியில் பாடத்தைக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. எழுதியவர் தோட்டத்துக் காம்பராவில் குடியிருந்ததில்லை. மூடிவிட்டேன்.

மனைவி, கொழுந்து பறிக்கையில் கட்டும் தன் பழைய படங்குச் சாக்கை மகளின் இடுப்பு அளவுக்கு வெட்டித் தைக்கிறாள். பவளம் கேட்டாள்.

“அப்பா, நான் திக்கித் திக்கி வாசிச்சிருக்கணுமா?”

கவ்வாத்துக் கத்தியை நாளைக்கு மறக்காதபடி வாசலில் எடுத்து வைத்தேன்.