மழைக்குள் காற்று

பெங்களூரு,
2.6.2025

அன்புள்ள அப்பா,

நலமா? கடல்மேல் காற்றை அளக்க ஆறு செயற்கைக்கோள்களை எந்தெந்தப் பாதையில் விடுவது என்ற என் திட்டத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் குழுக் கூட்டம். அங்கே ஒப்புதல் ஆகிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. வானிலை நிலையத்தில் காற்றளந்தே ஓய்வு பெற்றவர் நீங்கள். போனில் கேட்டால் “நல்லாருக்கும்மா” என்றுதான் சொல்வீர்கள், அதனால் எழுதுகிறேன். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

உங்கள்
சங்கவி

டெய்ரி ஃபார்ம், அந்தமான்,
9.6.2025

அன்பு மகள் சங்கவிக்கு அப்பாவின் ஆசிகள்.

இருமுறை படித்தேன். அந்தமான் கடலின் எந்த மூலையும் விடுபடாதபடி பாதைகளை அழகாகப் பிரித்திருக்கிறாய். கருத்துச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று தெரியவில்லை. என் காலத்துக் கருவிகள் வேறு. இங்கே மழை பலம். மழையையும் சற்று யோசிக்க வேண்டும் போலிருக்கிறது. கடல் கொந்தளிப்பும் காற்றும் அடங்காததால் கார் நிக்கோபார் கப்பல் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு முத்துவீரன் பெட்டியோடு திரும்பி வந்து, “சமுந்தர் கராப், சார். உங்க பொண்ணு மேலேருந்து பாத்து ஹவா எப்ப நிக்கும்னு சொல்லுமா?” என்றான். கூட்டம் நல்லபடி நடக்கட்டும்.

அப்பா

பெங்களூரு,
15.6.2025

அன்புள்ள அப்பா,

நிம்மதி. உங்களுக்கே குறை தெரியவில்லை என்றால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? திட்டத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மழையில் அலையாதீர்கள், அபர்டீன் பஜாருக்கு ஆட்டோவில் போங்கள். ஆறும் மேலே போகட்டும், முத்துவீரன் அண்ணனுக்குச் சொல்கிறேன்.

சங்கவி

டெய்ரி ஃபார்ம்,
20.6.2025

சங்கவி,

மழை என்று எழுதியது ஊர்ச் செய்தி அல்ல. உன் திட்டத்தைப் பற்றியது. தெளிவாக எழுதத் தைரியம் வரவில்லை. உன் ரேடார் கடலின் சிற்றலைகளைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடுகிறது. நீ எடுத்திருக்கும் அலைவரிசையில் கனமழை அதைக் கெடுத்துவிடும். நீயோ செயற்கைக்கோள் கடக்கும் ஒவ்வொரு முறையையும் நல்ல அளவீடாக எண்ணியிருக்கிறாய். கப்பல்காரர்களுக்குக் காற்று தெரிந்தாக வேண்டிய புயல் நாட்களில்தான் ஆறும் குருடாகும். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்று எழுதி, அடித்துவிட்டேன். திட்டம் தப்பு. திரும்பப் பெற்றுக்கொள்.

அப்பா

பெங்களூரு,
1.7.2025

அன்புள்ள அப்பா,

திரும்பப் பெற்றுக்கொண்டேன். மழை நேரத்தைக் கழித்தால் புயல் நாட்களில் பாதி அளவீடுகூடத் தேறவில்லை. குழுத் தலைவர், “யாரும்மா கண்டுபிடிச்சது?” என்றார்.

“எங்கப்பா.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னார் சார். எனக்குத்தான் புரியல.”

அப்படிச் சொன்னேனே தவிர, இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். அலைவரிசையை மாற்றி, முதலிலிருந்து தொடங்குகிறேன். தீபாவளிக்கு வருகிறேன். எதிரே உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பேன். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் முகம் எங்கே சுருங்குகிறதோ அங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சங்கவி