கரண்ட்டு ராட்டையில் நூற்ற மஞ்சள்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் பிறந்த குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வந்தாள். ஆரத்தி கரைக்க என்னை அழைத்தார்கள். தட்டில் நீர் விட்டு, மஞ்சள்தூளைக் கலந்து, விரல்நுனியில் சுண்ணாம்பைத் தொட்டுக் கரைத்தேன். மஞ்சள் நீர் சிவந்தது. அந்தச் சிவப்பை நான் ஏன் அப்படிக் குனிந்து பார்த்தேன் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் நாம். அதன்பின் நீ கல்லூரிக்குச் சென்று, நம் ஊரிலேயே வேதியியல் பேராசிரியை ஆனாய். நான் பீங்கான் கூடத்தில் அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயினும் கற்பதை நான் நிறுத்தவில்லை என்பதைப் பெருமையோடே சொல்லிக்கொள்வேன். நூலகத்து அறிவியல் நூல்களை வரிசையாகப் படித்து முடித்தேன். விளங்காதவற்றை உன்னிடம் கேட்டேன். கைம்மாறாக, உன் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ்ச் சொற்களை ஆக்கித் தந்தேன். அவற்றுள் ஒன்றையேனும் நீ பயன்படுத்தியதில்லை.

உன் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவியை முதன்முதலாகக் கண்ட மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊசிக்குழலில் கரைத்து வைத்த பாலிமர். ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம். முனையில் திரண்ட துளி கூம்பாகி, கண்ணுக்குப் புலப்படாத இழையாக நீண்டு, எதிரே இருந்த அலுமினியத் தாளில் படிந்து படிந்து ஒரு மெல்லிய விரிப்பானது. நான் சற்றே சிந்தித்து, இதற்கு 'மின்நூற்பு' என்பதே தகுந்த பெயர் என்று அறிவித்தேன்.

"போடி புலவரே. இது கரண்ட்டு ராட்டை, அவ்ளோதான்."

மழைக்காலத்தில் கருவியின் மரத்தாங்கி ஈரம் குடித்து மின்சாரம் கசிந்தபோது, நான் வார்த்து, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சுட்டுத் தந்த பீங்கான் கால்களின் மேல்தான் உன் ராட்டை நின்றது. அதன்பின் அந்தப் பாலிமர் கரைசலில் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினைச் சேர்க்கலானாய். இழைகள் மஞ்சளின் சத்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கும். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்களுக்கு அந்த விரிப்பு ஒருநாள் உதவும் என்பது உன் கனவு.

ஒருநாள் வேலை முடிந்து, கையை நன்கு கழுவாமலே வந்து, உலர்ந்துகொண்டிருந்த விரிப்பைத் தொட்டுவிட்டேன். களிமண் கூழ் இளகி ஓடுவதற்காக நாங்கள் சிலிக்கேட் சேர்ப்போம். அதன் காரத்தன்மை என் விரல்களில் எஞ்சியிருந்தது. மஞ்சள் விரிப்பில் என் நான்கு விரல்களும் செக்கச்செவேலெனப் பதிந்தன. நான் திகைத்து நிற்க, நீயோ குனிந்து வெகுநேரம் பார்த்தாய்.

"ஏண்டி, ஆரத்தி கரைச்சிட்டியே" என்றாய். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாய். கெட்டுப்போகும் புண்ணிலும் காரத்தன்மை ஏறும் என்றும், அப்படியானால் இந்த விரிப்பு புண்ணை ஆற்றுவதோடு அதன் நிலையையும் நமக்குக் காட்டக்கூடும் என்றும் விளக்கினாய். வீடு திரும்ப மறந்து பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த விரிப்புக்குரிய புண் உன் காலிலேயே தோன்றும் என்று நாம் எண்ணியதில்லை. புதுச் செருப்பு கடித்த சிறு புண். பல்லாண்டுகளாக உன் உடலில் இருந்த சர்க்கரை அதை ஆறவிடவில்லை. தேர்வுகள் முடியட்டும், விடைத்தாள் திருத்தம் முடியட்டும் என்று மருத்துவமனையைத் தள்ளிக்கொண்டே போனாய். நீ நூற்ற விரிப்பையாவது அதன்மேல் வை என்று உன் வீட்டுக்கு வந்து மன்றாடினேன். சோதனைகள் முடியவில்லை, எவரும் இன்னும் அனுமதி தரவில்லை என்று மறுத்துவிட்டாய்.

"சோதிக்காத ஒண்ண யார் கால்லயும் வைக்க மாட்டேன். என் காலும் கால்தான்டி."

நான் சினத்துடன் எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். அவிழ்த்த கட்டுத்துணியின் ஈர ஓரத்தை, விரிப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டின்மேல் ஒற்றினாய். இருவரும் அதையே பார்த்திருந்தோம். மஞ்சள் மெல்ல மெல்லச் செம்பழுப்பாக மாறிற்று. உன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கட்டுத்துணியை மறுபடி சுற்றிக்கொண்டே, "ஆட்டோவுக்குச் சொல்லு" என்றாய்.

இரண்டு கால்விரல்களை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்றார் மருத்துவர். நீ வீடு திரும்பிய அன்று நான் ஆரத்தியோடு வாசலில் நின்றேன். கைத்தடியை ஊன்றியபடி தட்டை எட்டிப் பார்த்தாய். "தட்டு நல்லா செவந்திருக்குதுடி. இதுக்கும் ஒரு அட்மிஷன் போட்டுடலாமா?" உன் வீட்டார் முறைத்தார்கள். நமக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்னர் சிறுநீரகங்கள் நலிந்தன. அதை அறிவிக்க நம்மிடம் எந்த விரிப்பும் இல்லை. உன் கடைசி நாள்களில் ஒன்றில், நீ என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று இளம் செவிலி ஒருத்தி வினவினாள். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மின்நூற்பு" என்றாய். அத்தனை ஆண்டுகளில் ஒரே முறை.

என் விரல்கள் பதிந்த விரிப்பைக் கறுப்புத் தாளில் சுற்றி என்னிடம் தந்திருந்தாய். வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுத்துப்போகும் என்று எச்சரித்தாய். இன்று ஆரத்தி சுற்றிவிட்டு வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிரிக்கவில்லை.

பீங்கான் கூடத்தில் எவளேனும், "சின்னப் புண்ணுதான்க்கா, தானா ஆறிடும்" என்று சேலையை இழுத்துக் காலை மறைத்தால், அக்காலை எடுத்து என் மடிமேல் வைத்துப் பார்க்கிறேன். பிறகு ஆட்டோவுக்குச் சொல்கிறேன்.