லெயாந்தரின் புள்ளிகள்

அன்புள்ள தம்பி ரெமிக்கு,

இந்தப் படிப்பால் பயன் உண்டு. ஆனால் நீ கேட்ட விதத்தில் இல்லை. எவ்வளவு போட்டால் எவ்வளவு திரும்பும், ஜனவரியில் வந்து நானும் சேரட்டுமா என்று எழுதியிருந்தாய். நீ வேலை செய்யும் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயலில் எல்லாவற்றுக்கும் மணிக்கு இவ்வளவு என்று விலை உண்டு. இங்கே அப்படிச் சொல்ல வரவில்லை.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகுகளின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் படிப்பு, ஒரு வருடம். பாதிக் கட்டணத்தை அப்பா கட்டினார், பழைய டிரக்கை விற்று. மீதி இந்த வெள்ளிக்கிழமைக்குள். முடித்தால் வேலை நிச்சயம். நம் கரையில் ரேடார் இல்லாத படகு கிடையாது, உப்புத் தண்ணீர் புகாத ரேடாரும் கிடையாது. பச்சை பூத்த ஒரு செம்புக் கம்பியைச் சுரண்டி ஈயம் வைத்தேன். செத்துக் கிடந்த திரை பளிச்சென்று எரிந்தது. தத்துவம் படித்த நான்கு வருடத்தில் எனக்கு அப்படி எதுவும் எரிந்ததில்லை.

தூக்கம்தான் வருவதில்லை. அது வேறு.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, படகுத்துறையில் ஒடெட்டின் பழுதுபார்க்கும் கடையில். முதல் நாளே அவள் சொன்னாள்: "நீ கிளோவிஸ் மகளாச்சே. சிங்கி இறால் பிடிக்கிறவன் வீட்டுப் பொண்ணுகிட்ட எவன் தன் ஜி.பி.எஸ்ஸைக் குடுப்பான்? மைக் முன்னாடி நின்னு பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொன்ன மாதிரில்ல இருக்கும்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. எந்தப் பாறையோரம் இறால் கூடு இறக்குகிறான் என்பதுதான் ஒருவனுடைய மொத்தப் பிழைப்பு. அது அந்தத் திரையில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பழுது பார்க்கிறவள் அதையும் பார்த்தாக வேண்டும். இந்தச் செலவு கல்லூரியின் கட்டண விவரத்தில் இல்லை.

சென்ற செவ்வாய் லெயாந்தர் வந்தார். அப்பாவோடு பேச்சை நிறுத்தி எட்டு வருடமான அதே லெயாந்தர். அவருடைய ஜி.பி.எஸ்ஸுக்குள் தண்ணீர். சீசன் தொடங்கப் போகிறது. ஒடெட் வேறொரு படகில் ஏறிப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ வேலையைப் பாரு. நான் உன் கண்ணைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

புள்ளிகளைப் புதுக் கருவிக்கு மாற்றினால், எல்லாம் வந்ததா என்று சரிபார்க்க வேண்டும். பார்த்தேன். கடலுக்குள் தெற்கு மேட்டுக்கு அப்பால், தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அப்பா நம்புகிற இடத்தில், வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்பாவின் பெயர்.

என் கண் அங்கே நின்றதை அவர் கவனித்துவிட்டார். "கூடு எங்க போடக்கூடாதுன்னும் தெரிஞ்சிருக்கணும்ல" என்றார்.

நம்புவதா? ஐந்து நாளாக அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மரியாதையா. பொய்யா. இரண்டும் ஒரே குரலில்தான் கேட்கின்றன.

லெயாந்தரின் வண்டி கடை வாசலில் நின்றதை அப்பா பார்த்திருக்கிறார். இரண்டு சீசனாக அப்பாவின் கூடுகள் பாதி காலியாகத்தான் மேலே வருகின்றன, உனக்குத் தெரியும். அன்று உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டு ரப்பூர் செய்திருந்தேன். மொறுமொறுப்பான ஓரத்தை, அவருக்குப் பிடித்த ஓரத்தை, எனக்கு வெட்டி வைத்தார். அப்போதே புரிந்துவிட்டது.

"எல்லாம் வேணாம்மா. அவனோட நாலு புள்ளி மட்டும். மீதி பீஸை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கட்டிடறேன்."

நான் அந்த ஓரத்தை அவர் தட்டுக்கே நகர்த்தினேன்.

"இல்லன்னா போயி அந்தத் தத்துவத்தையே ரிப்பேர் பண்ணு."

என்ன சொல்வது? லெயாந்தர் உங்கள் இடத்தைத் தொடுவதில்லை, நீங்கள் அவருடைய இடத்தைக் கேட்கிறீர்களே என்றா? அதைச் சொன்னாலே அவருடைய திரையில் இருந்ததைச் சொன்னதாகிவிடும். அப்பா வெட்கப்படலாம். தன் இடம் தெரிந்துவிட்டதே என்று கத்தியை எடுத்துக்கொண்டு போய் லெயாந்தரின் கூட்டுக் கயிறுகளை அறுக்கவும் செய்யலாம். பார்த்ததைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போ என்று ஒடெட் சொன்னபோது, கெட்டதை மட்டும்தான் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். நல்லதையும் சொல்லக்கூடாது, ரெமி.

ஆக, செலவு இதுதான். அப்பாவின் எதிரே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவது. எத்தனை வருடமோ. வரவு என்னவென்று தெரியவில்லை. போகும்போது லெயாந்தர் கை கொடுத்தார். அதை எதில் சேர்ப்பது?

வா என்று சொல்ல முடியவில்லை. வராதே என்றும். வந்தால் மேசையில் இந்தப் பக்கம் இரண்டு பேர் இருப்போம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பாவுக்கு ஒரு போன் செய். என்னைப் பற்றி எதுவும் கேட்காதே, சும்மா பேசு. அவர் குரலைக் கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
ரெனெல்

ரெனெல் கடிதத்தை ஒருமுறை படித்தாள். லெயாந்தரின் பெயர் வந்த தாள்களை எல்லாம் பிரித்தெடுத்து அடுப்பில் போட்டாள். முதல் தாளும் வாழ்த்து இருந்த கடைசித் தாளும் மிஞ்சின. அவற்றை உறையிலிட்டு ஒட்டினாள். திங்கட்கிழமை காலை ஒடெட்டிடம் போய், சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வருகிறேன், மீதிக் கட்டணத்துக்கு முன்பணம் தர முடியுமா என்று கேட்டாள்.