டிராக்டருக்கு எதுக்கு இன்னும் ரெண்டு லைட்டு?

ஏங்க,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். நான் கெர்லிங் ஊருக்குப் போற பஸ்ஸுக்குப் போறேன்.

அந்தக் குட்டி டிராக்டருக்கு முன்னாடி இருக்கிற லைட்டு போதாதுன்னு, பின்னாடியும் ரெண்டு மாட்டச் சொல்லி உங்களை யாரு கேட்டா? முன்னெல்லாம் இருட்டினா குலை ஏத்த முடியாது, மனுசனா வீட்டுக்கு வருவீங்க. இப்ப "வெளிச்சம்தான் இருக்கே லா"ன்னு தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் ராத்திரியும் செம்பனைக் குலை ஏத்தச் சொல்றாரு. நீங்களும் தலையாட்டிட்டு வந்து, "ராத்திரி சடங்குக்கு நீ மட்டும் போ"ங்கிறீங்க.

சடங்கு யாருக்கு? கெர்லிங்ல இருக்கிற உங்க கூடப்பிறந்த தங்கச்சி மகளுக்கு! தாய்மாமன் இல்லாம சீர்த்தட்டோட நான் ஒருத்தியா போய் நின்னா சபையில என்னைத்தானே கேப்பாங்க? டிராக்டருக்கு லைட்டு மாட்டியிருக்காரு, அதான் வரலைன்னு சொல்லட்டுமா?

வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுக் கதவுல மாட்டியிருக்கேன். வரும்போது சாவியைப் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க.

பாக்கியம்

இன்னொண்ணு. நீங்க ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியைப் பார்க்கப் போன நேரத்துல, வாசல்ல நின்ன டிராக்டர்லேருந்து அந்த ரெண்டு பல்பையும் கழட்டிட்டேன். வீட்டுல தேடாதீங்க. சீர்த்தட்டுல பட்டுச் சேலைக்கு அடியில இருக்கு. சபைக்கு வந்து, உங்க கையால தட்டை எடுத்துக் குடுத்துட்டு, அப்புறம் எடுத்துக்குங்க.