மத்தியானம் மங்கிய விளக்கு

கண்ணாடிக்காரி,

இன்று காலை பட்டறையில் வெப்பப் பசை டப்பாவைத் திறந்தேன். எல்இடி பலகைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தடவும் வெள்ளைப் பசை. அந்த வாடை வந்ததும் நீயும் வந்துவிட்டாய். "பல்லு வெளக்குற பசை மாதிரி இருக்குலா, இதைத் தடவியா வெளக்கு செய்றே?" என்று மூக்கைச் சுளித்தவள் நீ. நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் உனக்குப் பதில் சொல்ல வாய் வருகிறது.

பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நான் தொழிற்சாலைகளுக்கு விளக்கு வடிவமைக்கப் போனேன். நீ பிறை என்ற ஊரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில், மூடிகளில் மயிரிழை விரிசல் பார்க்கும் வேலைக்குப் போனாய். என் விளக்குகளே உன் தலைக்கு மேல் வந்து தொங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சூடு அளவு மீறினால் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டு கெடாமல் தப்பிக்கும் விளக்குகள். அந்த ஏற்பாடு என் யோசனை.

ஒரு நாள் போன் செய்தாய். "காலையில நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் மங்கிப் போவுது. மூடியில கோடே தெரிய மாட்டேங்குது." நான் இரண்டு தடவை வந்து வெளிச்சத்தை அளந்தேன், இரண்டு தடவையும் காலை பத்து மணிக்கு. எல்லாம் சரியாக இருந்தது. "ஒனக்கு வயசாகுது, கண்ணாடிய மாத்து" என்று சிரித்தேன். நீயும் நம்பி மாற்றினாய்.

அப்புறமும் விரிசல் விட்ட மூடிகள் உன் கையைத் தாண்டிப் போயின. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அதை என் மேசையில் வைத்து, "ஒன் வெளக்கு தன்னைக் காப்பாத்திக்குது. என்னை யாரு காப்பாத்துறது?" என்றாய்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆளைக் கூரைவரை ஏற்றும் இயந்திர மேடையில் ஏறினேன். தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே சோறு வேகும் சூடு. கீழே மின்விசிறிக் காற்றில் நின்று அளந்த எனக்கு, மேலே என்ன நடக்கிறதென்று தெரிந்திருக்கவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். இறங்கியதும் மேனேஜரிடம் போய், குறை உன் கண்ணில் இல்லை, என் விளக்கில்தான் என்றேன். என் வேலைக்கும் ஆபத்துதான்; ஆனாலும் சொன்னேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். விளக்கைக் கூரையிலிருந்து தள்ளி இறக்கி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட்டு, புதிதாகச் செய்தேன். நீயோ அந்த வேண்டாத கண்ணாடியைத் தினமும் மாட்டிக்கொண்டு வந்து, "இதுவும் நம்ம டிசைனர் குடுத்ததுலா" என்று எல்லாரிடமும் காட்டி என் மானத்தை வாங்கினாய்.

உன்னிடம் நேராக மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

போன வாரம் பத்து காவான் என்ற ஊரில் ஒரு புதிய தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். சோதனை மேசையிலிருந்த பெண் ஒருத்தி, "அக்கா, மத்தியானம் ஆனா சரியா தெரிய மாட்டேங்குது" என்றாள். பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முதலில் அவளை நம்பினேன். அளந்து பார்த்தது அதற்கப்புறம்தான்.