ஓடையில் கொட்டின குடல்

திண்டுக்கல்
26.11.2001

அன்புள்ள மகன் மதியழகனுக்கு அம்மா பேச்சாயி எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம், அப்பாவுக்குச் சளி கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் அங்கே நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் நீ நலம் என்றுதான் எழுதுவாய். போன வாரம் வந்த கடிதத்திலும் அதைத்தானே எழுதியிருந்தாய், இங்கு அனைவரும் நலம், தீபாவளிக்கு எஸ்டேட் முழுக்க நம் கடைக் கறிதான், எட்டு ஆடு உரித்தேன் என்று. அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாக வாசித்துக் காட்டினேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் நீ தேதி போட்டதற்கு முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு செபஸ்தியான் மகளைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நேற்று பக்ருதீன் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. அனைவரும் நலம் என்று எழுத உனக்கு எப்படிடா கை வந்தது? போனில் கேட்கலாம் என்றால் எஸ்டேட் ஆபீசில் நாலு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் வாசி.

பக்ருதீன் உனக்கு அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு வருகிற மனுசன், உன் மேல் அவனுக்கு ஒரு விரோதமும் கிடையாது. நேற்று குடல் கழுவிக்கொண்டிருந்தேன், எதிரே வந்து குந்தினான். விசயத்தைச் சொன்னான், பொழுது சாய்கிற நேரத்தில் செபஸ்தியான் மகள் சகாயமேரி எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் குழாயில் கால் கழுவப் போனதாம், அவள் அம்மா உள்ளே அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாளாம், பிள்ளை அம்மா என்று ஒரு தடவை கத்தியதுதானாம், சிறுத்தை தேயிலைச் செடிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஆறு வயசுப் பிள்ளை. சித்திரையில் நான் அங்கே வந்திருந்தபோது என் பேத்தி தமிழ்மதிக்குத் தினமும் அவள்தானே தலை பின்னிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் சொன்னதையும் கேள். "நோன்பு வாயோட பொய் சொல்ல மாட்டேன்க்கா, ஒங்க மகன் ஓடைல கொட்டின குடலுக்குத்தான் அம்புட்டு நாயும் பன்னியும் வந்து அடைஞ்சுச்சு, நாயப் பிடிக்கத்தான் சிறுத்தை வந்து பழகுச்சு" என்றான்.

நான் அப்போதே சொன்னேனா இல்லையா? லைன் வீட்டுக்குப் பின்னால் இப்படிக் கொட்டாதே அப்பு, குழி வெட்டி மூடு என்று சொன்னதற்கு நீ என்ன சொன்னாய், மலையில ஏம்மா குழி, ஓடைத்தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிரும் என்று சிரித்தாய். ஆடி மாசம் அடித்துக்கொண்டு போகும், ஐப்பசியில் யாரடா வந்து அடித்துக்கொண்டு போவது, உன் மாமனாரா? எட்டு ஆட்டுக் குடலும் கழிவும் நாலு நாள் கிடந்து நாறியிருக்கிறது. இங்கே கசாப்புக்கடையில் பிறந்து வளர்ந்தவன்தானே நீ, கழிவு வண்டி ஒரு நாள் வராவிட்டால் நம் வாசலில் எத்தனை நாய் கூடும் என்று உனக்குத் தெரியாதா? விற்காமல் போனதைப் பொன்னழகு தோப்பில் கொண்டுபோய்த் தென்னை மரத்துக்குக் குழி வெட்டித்தானே இன்றைக்கும் மூடுகிறோம். நானே இந்த இடுப்போடு போய் மண் தள்ளுகிறேன், உனக்கு ஒரு மண்வெட்டி தூக்க வலிக்கிறதா? குடல் கழுவுவது கௌரவக் குறைச்சல், கறி மட்டும் விற்கிற பெரிய வியாபாரி ஆகிவிட்டாயோ? அப்பாவிடம் சொன்னேன், கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். "அறுக்கக் கத்துக்கிட்டான், கழுவக் கத்துக்கலையே" என்றார், அதோடு சரி, நேற்று ராத்திரி சோறும் உண்ணவில்லை, இன்றைக்குக் கடையும் திறக்கவில்லை.

இதில் நீ பக்ருதீனிடம் ஆட்டுக்குட்டி ஒன்று தனியாகக் கேட்டாயாமே, மருந்து தடவி வைத்து சிறுத்தையைக் கொல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும். அது பாட்டுக்குக் காட்டில் கிடந்தது. தீனி போட்டு வீட்டு வாசலுக்கு வரவழைத்தவன் நீ, இப்போது அதைக் கொன்று வீரன் என்று பெயர் வாங்கப் பார்க்கிறாயா? பாரஸ்டுக்காரர்கள் கூண்டு வைத்திருக்கிறார்களாம், அது அவர்கள் பாடு. இதைக் கொன்றால் இன்னொன்று வராதா? நீ கொட்டின குடல் அங்கே கிடக்கிற வரைக்கும் வரும். அடுத்த வீட்டில் இருப்பது நம் தமிழ்மதிதானடா. நாலு வயசுப் பிள்ளை பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்குமா? அதை நினைத்தால் எனக்குக் கண் மூட முடியவில்லை. அதனால் சந்தையில் உனக்கு இனி ஆடு பிடிக்க வேண்டாம் என்று பக்ருதீனிடம் சொல்லிவிட்டேன், அவனும் சரி என்றுவிட்டான். என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிது, பக்ருதீன் கடைசியாகச் சொன்னது. டார்ச் எடுத்துக்கொண்டு செடிக்குள் முதலில் பாய்ந்தவன் நீதானாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நீதானாம். செபஸ்தியான் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி எம்பிள்ள ஒடம்பு கூடக் கிடைச்சிருக்காது" என்று அழுதானாம். நீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றாயாம். உன் பெண்டாட்டி இசைவாணி கூட உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாமே. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அந்தப் பாவப்பட்ட மனுசனுக்கு மட்டும்தான் தெரியவில்லை, ஆண்டவர் சித்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஆண்டவர் தலையில் உன் பாவத்தை ஏற்றிவிட்டு நீ தினமும் அவன் வாசல் வழியாகத்தானே கடைக்குப் போகிறாய், எப்படிப் போகிறாய்?

வெள்ளிக்கிழமை பழனி பஸ் ஏறி பொள்ளாச்சி வழியாக நானும் அப்பாவும் வருகிறோம். அதற்குள் ஓடையில் கிடப்பதை எல்லாம் அள்ளி, தள்ளிப்போய் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி மூடியிருக்க வேண்டும். தமிழ்மதியையும் இசைவாணியையும் எங்களோடு கூட்டி வருவோம், துணிமணி எடுத்து வைக்கச் சொல். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நான் முதலில் செபஸ்தியான் வீட்டுக்குத்தான் போவேன். அதற்குள் நீயே போய் அவன் முன்னால் நின்று உன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள், துப்பினால் துடைத்துக்கொள். நீ சொல்லாமல் இருந்தால் நான் சொல்வேன், பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன்.

சாயங்காலம் பிள்ளையைக் குழாயடிக்கு அனுப்பக்கூடாது, மறக்காதே. இசைவாணிக்கும் தமிழ்மதிக்கும் என் ஆசீர்வாதம், குலசாமி காக்கட்டும். உனக்கு இந்தக் கடிதத்தில் ஆசீர்வாதம் எழுதவில்லை. செபஸ்தியான் வீட்டுக்குப் போய்விட்டு வா, நேரில் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பேச்சாயி