தொட்டிக்கு மைக் தேவையில்லை

இன்று மத்தியானம் ஆலங்கட்டி மழை. ஏப்ரலில் இந்த ஊர் செய்கிற சேட்டை உனக்குத் தெரியாததல்ல. வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே படபடவென்று கொட்டியது. பல்கனியில் அந்தத் தகரத் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதன்மேல் விழுந்த கற்கள் ஊரையே கூட்டிவிட்டன. இவர் சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக எழுந்து வந்து, "உந்தத் தொட்டியை ஆருக்கேனும் குடுத்துத் தொலையுமன்" என்றார். "ஏலாது" என்றேன். அவர் திரும்பிப் போய்ச் சாப்பிட்டார். இத்தனை வருடத்தில் அந்த ஒரு சொல்லின் அர்த்தம் அவருக்கு நன்றாக விளங்கியிருக்கிறது.

அந்த நேரத்தில் மேசையில் உன் கல்வெட்டின் அச்சுப் பிரதி கிடந்தது. வரும் ஞாயிறு உன் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. வருகிறவர்கள் கையில் கொடுக்கும் இந்தக் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தைத் தமிழ்ச் சங்கத்துக்காரர்தான் எழுதியிருக்கிறார்கள். பிழை திருத்தித் தரச் சொல்லிச் செயலாளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "சாந்தமே உருவானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். கணவரை இழந்தபின் தன்னை ஒடுக்கிக்கொண்டு பிள்ளைக்காகவே வாழ்ந்தவர்."

தன்னை ஒடுக்கிக்கொண்டவராம்! வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோர்ட்மண்டில் இருக்கும் உன் மகளுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். "அன்ரி, இது ஆர்? எங்கட அம்மாவோ?" என்று கேட்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் செய்து வைத்திருக்கிற அந்தச் சாந்தமான மனுசியை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவளுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்து, வுப்பர்டாலில், மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில் நீ மேல்மாடி, நான் அதற்குக் கீழே. நீ டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான் குடும்பத்தின் வீட்டில் துப்புரவு வேலைக்குப் போய் வந்தாய். அந்த வீட்டு அம்மா ஊருக்கே திரும்பிப் போகும்போது ஒரு பெட்டி நிறைய வீடியோக் கசெற் தந்துவிட்டாள். உன் டெக்கில் போட்டால் படம் கோடு கோடாக ஓடியது. எங்கள் வீட்டில்தான் எல்லா நாட்டுக் கசெற்றும் ஓடுகிற டெக் இருந்தது. கனடாவிலிருந்து வரும் கலியாணக் கசெற்றுகளைப் பார்க்கவென்றே இவர் அதைத் தேடி வாங்கியிருந்தார். மச்சாளின் கலியாணம் பார்க்க வாங்கிய டெக்கில் ஜப்பான் தெய்வங்கள் ஓடத் தொடங்கின.

அது ஒரு கார்ட்டூன் படம். கீழே எழுத்து ஓடவில்லை, டொச் மொழியில் பேசவும் இல்லை. ஆனால் உனக்குக் கதை தெரிந்திருந்தது. நீ இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில், உனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சுக்குச் சொன்ன கதை. சூரியன் ஒரு பெண். தம்பிக்காரன் செய்த அட்டகாசம் பொறுக்காமல் கோபித்துக்கொண்டு குகைக்குள் போய்க் கல்லை இழுத்து மூடிக்கொள்கிறாள். உலகம் இருண்டு போகிறது. தெய்வங்கள் எல்லாம் கூடி வந்து கெஞ்சியும் அவள் அசையவில்லை. அப்போது ஒருத்தி ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி மிதித்து ஆடுகிறாள். உடுப்பு அவிழ்வதைக்கூடப் பார்க்காமல் ஆடுகிறாள். தெய்வங்கள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. நான் இல்லாத இடத்தில் யார் சிரிக்கிறது என்று சூரியன் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி எட்டிப் பார்க்கிறாள். காத்திருந்த ஒரு தெய்வம் அவளைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது.

அந்தப் படத்தில் அதுவரை ஒரு வாத்தியமும் இல்லை. இருட்டில் காற்றுச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். அவள் முதல் மிதி மிதிக்கும்போது, வரைந்த கோடுகளே நடுங்கின. இரண்டாவது மிதிக்கு மலை ஆடியது. அதன் பிறகுதான் ஒரு மேளம், ஒரு குழல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தங்கள் பாட்டும் ஆட்டமும் அந்தத் தொட்டியிலிருந்து வந்ததாக ஜப்பான்காரருடைய ஐதீகம். நீ சோபாவில் காலை மடித்து இருந்துகொண்டு சொன்னாய்: "எங்கட ஆக்கள் சிவன்ர உடுக்கில இருந்து வந்தது எண்டு சொல்லுவினம். இவையளுக்கு உடுப்புத் தோய்க்கிற தொட்டியில இருந்து வந்திருக்கு. எனக்கு இதுதானடி விளங்குது."

சும்மா விளங்கிக்கொண்டு இருக்கிற ஆளா நீ? அடுத்து வரும் சங்கக் கலைவிழாவில் இதைப் போடுவோம் என்று நின்றாய். ஆடுகிறவள் நீ, சூரியன் நான். எனக்கு ஆட வராது என்றேன். "சூரியனுக்கு ஆடத் தேவையில்லை. கோவிச்சுக்கொண்டு ஒரு மூலையில இருந்தாக் காணும். உனக்கு அது நல்லா வரும்" என்றாய். அதற்கும் கோபித்துக்கொண்டு நான் இரண்டு நாள் மேலே வரவில்லை. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், துணி தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், யாரோ பழைய காலத்து டொச் மனுசி விட்டுப்போன தகரத் தொட்டியை நீதான் கண்டுபிடித்துத் தேய்த்துத் துடைத்தாய்.

அந்த மாரிக் குளிரில் உன் மனுசன் வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழும்பவில்லை.

சனம் வந்தது. அழுதது. விதி என்றது. தேத்தண்ணி குடித்தது. போனது. ஒரு பெரியம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நல்ல காரியங்களில முன்னுக்குப் போய் நிக்காதை பிள்ளை" என்றார். நீ தலையாட்டினாய். வாழ்க்கையில் ஒருவருக்கும் தலையாட்டாத நீ! அவர் செத்ததை விட அந்தத் தலையாட்டல்தான் என்னைப் பயப்படுத்தியது. பிறகு நீ அறை யன்னலின் ரோலாடன் தட்டியை அடிவரைக்கும் இறக்கிவிட்டாய். பட்டப்பகலில் இருட்டு. பிள்ளையை என் வீட்டில் விட்டிருந்தாய். நான் கொண்டுவந்து வைக்கும் சோறு கதவடியில் அப்படியே கிடந்தது. கெஞ்சினேன், பேசினேன், அழுதேன். "போடி, என்னை விடு" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வரும். கிழமைகள் போயின.

ஒரு மத்தியானம் எனக்கு விசர் வந்தது. வேறு எப்படிச் சொல்ல? கீழே போய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் வாசலில் கவிழ்த்தேன். ஏறினேன். எனக்கு ஆடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் மிதித்தேன். இவருடைய கம்பளிச் சொக்ஸ் போட்ட காலால், குளிர்க்கோட்டும் போட்டபடி. படிக்கட்டு முழுக்க இடி இடித்தது. கீழ்வீட்டு டொச் அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். மத்தியானத்தில் இந்த நாட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் இருக்கவேண்டிய நேரம் உண்டே, அதைச் சொல்லித்தான் கத்தினார். "மிட்டாக்ஸ்றூஹ! மிட்டாக்ஸ்றூஹ!" நான் நிறுத்தவில்லை. எனக்கிருந்த டொச்சில் உன் கதவைக் காட்டி, "சூரியன் உள்ளே. கோபம்" என்றேன். அவர் கதவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். என் சொக்ஸைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

உன் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. "ஆரடி சிரிக்கிறது?" என்று கேட்டாய்.

நீ அந்தப் படத்தை நினைத்துக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாய். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது. நான் இறங்கி ஓடிவந்து கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டேன். "விசரி, தொட்டியை நசிச்சுப் போட்டாய்" என்று ஏசினாய். ஏசிக்கொண்டே சங்கிலியைக் கழற்றினாய். பிறகு என்மேல் விழுந்து அழுதாய். அந்த டொச் அம்மா ஒன்றும் விளங்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று நம் இருவரின் முதுகையும் தடவிவிட்டார். அந்த நசிவு இன்னும் தொட்டியில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. கலைவிழாவுக்கு முன்பு அப்போதைய சங்கத் தலைவர் அண்ணை உன் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். தான் செய்வது உனக்கு நல்லது என்று நம்பித்தான் வந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "பிள்ளை கோவிக்கக்கூடாது. ஆண்டுத் திவசம்கூட முடியேல்லை. நீங்கள் மேடையில தொட்டிக்கு மேல ஏறி ஆடினால் சனம் என்ன கதைக்கும்? அதுவும் ஜப்பான்காரன்ர கதை. வேணுமெண்டால் பின்னுக்கு நிண்டு உடுப்பு மாத்த உதவி செய்யுங்கோ" என்றார். நீ தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாய். "அண்ணை, செத்தது என்ர மனுசன். நான் சாகேல்லை" என்றாய். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

நிகழ்ச்சி நிரலில் நம் பெயர் வரவில்லை. மண்டபத்துக்குக் கார் தருவதாகச் சொன்னவர்களுக்கு அன்றைக்கென்று எல்லாம் பழுது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆற்றுக்குமேல் ஓடும் தொங்கு ரயிலில் போனோம். நீ மஞ்சள் சேலை, நெற்றியில் குங்குமம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு டொச்சுக்காரனிடம் "சூப்பர்" என்று தொட்டியைத் தட்டிக் காட்டினாய். அவன் அவசரமாகத் தலையாட்டினான். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஒரு மிருதங்க நிகழ்ச்சி முடிந்து திரை இழுக்க முன், நீ யாரையும் கேளாமல் நடந்து போய் நடு மேடையில் தொட்டியைக் கவிழ்த்தாய். நான் கொண்டுபோன கார்ட்போர்ட் குகையை நிறுத்தி அதன் பின்னால் குந்தினேன். கதை சொல்ல நீ மைக்கை எடுத்தாய். தலைவர் கையைக் காட்ட, அதை நிறுத்திவிட்டார்கள். பாட்டுக் கசெற்றும் போடவில்லை. மண்டபம் கப்சிப். அந்தப் படத்தில் வந்த இருட்டைப் போலவே இருந்தது.

நீ மிதித்தாய்.

தொட்டிக்கு மைக் தேவையில்லை, தெரியுமா? கடைசி வரிசையில் நித்திரை கொண்ட குழந்தை எழும்பி அழுதது. நீ மிதித்துக்கொண்டே இருந்தாய். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்புக் கேட்டால்தான் நான் வெளியே வரவேண்டும். சிரிக்காவிட்டால் நான் எப்படி வருவது? முன்வரிசையில் ஒரு மனுசி முகத்தைத் திருப்பிக்கொண்டதை அட்டையின் ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். உன்னை மறுபடி அந்த அறைக்குள் அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். இந்த முறை போனால் நீ வரமாட்டாய்.

அப்போது நீ செத்துப்போன மைக்கை மறுபடி எடுத்தாய். தலைவர் அண்ணையைப் போலவே தொண்டையைச் செருமினாய். அவரைப் போலவே, தோளில் இல்லாத சால்வையைச் சரி செய்தாய். சத்தமே வராத மைக்குக்குள் அரை நிமிடம் வாயை மட்டும் அசைத்துப் பெரிய பேச்சொன்று பேசினாய். பின்னால் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பெண்களிடமிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. ஒருத்தி கரண்டியால் தாச்சிச் சட்டியில் ஒரு போடு போட்டாள். நீ அதற்கு மிதித்தாய். அவள் மறுபடி போட்டாள். அவ்வளவுதான். மண்டபம் உடைந்தது. "வாடி வெளியால!" என்று கத்தினாய். அது நாம் பழகிய நாடகத்தில் இல்லாத வரி. நான் அட்டையைத் தள்ளி விழுத்திக்கொண்டு வந்தேன். சூரியன் இவ்வளவு அழுதுகொண்டு வந்ததை எந்தப் படத்திலும் யாரும் வரைந்திருக்கமாட்டார்கள்.

அதன்பிறகு எல்லாம் சுகமாகப் போனது என்று கல்வெட்டு எழுதுகிறவர்கள்தான் எழுதுவார்கள். சிலர் உன்னைக் கலியாணங்களுக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். கூப்பிட்ட இடங்களுக்கு நீ மஞ்சள் சேலை உடுத்துப் போய் முன்வரிசையில் இருந்தாய். பின்னேரம் வீட்டுக்கு வந்து, காது கூசக் கூச அவர்களைத் திட்டினாய். அதிர்ந்து பேசாதவராம்!

செயலாளரைக் கூப்பிட்டு அந்த வரிகளை வெட்டச் சொன்னேன். "அக்கா, செத்தவையைப் பற்றி இப்பிடித்தான் எழுதுறது வழமை" என்றார். "வழமையை நீங்கள் வைச்சிருங்கோ. அவவை எங்களிட்டத் தாங்கோ" என்றேன். உன் மகளும் போனில் கூடவே நின்றாள். வெட்டிவிட்டார். அந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். "ஒண்டும் போடாதேங்கோ, வெறுமையா விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சொல்லுறன்" என்றேன்.

எனக்கு உன்மேல் கோபம். இவ்வளவு சண்டை பிடித்து வெளியே வந்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சொல்லும் சொல்லாமல் போனதற்குக் கோபம். சூரியனாக நடிக்கத் தோதானவள் நான்தான் என்று நீ அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னாய்.

ஞாயிறு காலையில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவேன். என் முழங்கால் இனி அதன்மேல் ஏற விடாது. மண்டபத்தில் கவிழ்த்து வைத்துக் கையால் தட்டுவேன். மழை விட்டபின் இன்றைக்கு ஒருதடவை தட்டிப் பார்த்தேன். நான் மிதித்து நசித்த இடத்தில் தட்டினால்தான் சத்தம் நன்றாக வருகிறது. இந்த முறை உன் கதவு திறக்காது. ஆர் சிரிக்கிறது என்று நீ கேட்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தட்டப் போகிறேன்.